கழுவாமல் கொண்டுவா

சுத்தம் சோறு போடும் என்பார்கள். எங்கள் எதிர்வீட்டில் அது பழமொழி இல்லை, மாதச் சம்பளம். எதிர்வீட்டு அம்மாள் பெரிய ஆஸ்பத்திரியில், ஆபரேஷன் சாமான்களை ஆவியில் வேகவைத்துக் கொடுக்கிற அறையில் வேலை செய்தாள். கத்தி, கத்தரி, இடுக்கி, துணி எல்லாம் அவள் கையால் மூட்டையாகி, பீப்பாய் போன்ற ஓர் இயந்திரத்துக்குள் போய், ஒரு கிருமிகூட மிச்சமில்லாமல் வெளியே வரும். அங்கே அவளுக்கு ஆவியக்கா என்று பெயர். எங்கள் கட்டடத்திலும் அதுவே ஒட்டிக்கொண்டது. நிஜமான ஆவியே வாசலில் வந்து நின்றாலும், காலைக் கழுவிவிட்டு உள்ளே வா என்று சொல்லக்கூடியவள்தான்.

நான் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டால் பள்ளி விடும்வரை சும்மாதான். எதிரெதிர் வாசல் என்பதால், அந்த வீட்டில் எது கனமாக இருந்தாலும் தூக்குவதற்கு என் பெயர்தான் முதலில் வரும். இதிலும் நான் செய்தது வாளி தூக்கியது மட்டும். மற்றதெல்லாம் பார்த்தது.

அவள் கணவரைக் கயிற்றுக்காரர் என்போம். உயரமான கட்டடங்களின் வெளிச்சுவரில் கயிற்றில் தொங்கிக்கொண்டு பெயின்ட் அடிப்பார். அத்தனை உயரத்தில் தொங்கியபோது ஒன்றும் ஆகவில்லை. ஒருநாள் தரைத்தளத்தில், இடுப்பு உயரப் பலகையிலிருந்து டீ குடிக்க இறங்கும்போது கால் தவறி, முதுகெலும்பு போயிற்று. ஆவியக்காவின் ஆஸ்பத்திரியிலேயே ஆபரேஷன் நடந்தது, நன்றாகத்தான் நடந்தது என்றார்கள். பிறகு தையலில் சீழ் வைத்து, மறுபடியும் திறந்து, பிழைப்பாரா மாட்டாரா என்று எல்லோரும் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். பிழைத்தார். நடக்க இன்னும் நாளாகும் என்றார் டாக்டர். அதுவரை முன்னறைக் கட்டில்தான் அவருக்கு ஊர் உலகம் எல்லாம்.

கட்டிலில் இடப்பக்கம் ஒருக்களித்தால் கண்ணுக்கு நேராக ஒரு மீன் தொட்டி. அவருடைய தம்பி வாங்கிக் கொடுத்தது. தன் வீட்டுக்கு ஒன்று, அண்ணன் வீட்டுக்கு ஒன்று என ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய இரட்டைத் தொட்டிகள். உள்ளே சின்னச் சின்ன சிவப்பு வால் மீன்கள் சில, பெரிய ஏஞ்சல் மீன்கள் இரண்டு. உள்ளங்கை அகலத்துக்குத் தட்டையான உடம்பு, மேலும் கீழும் நீண்ட துடுப்பு, வெள்ளியில் கறுப்புப் பட்டை. அந்த ஜோடிக்கு மாப்பிள்ளை, பொண்ணு என்று பெயர் வைத்திருந்தார்.

"டிரைவரே, மேல இருந்து ஊரையே பாத்தவன் நான். ஆனா ஒரு உயிரைக்கூட இப்படி உக்காந்து பாத்ததில்ல" என்பார். "படுத்துப் பாத்ததில்லன்னு சொல்லணுமோ?" என்று அவரே சிரித்துக்கொள்வார். வலி மாத்திரை வேலை செய்யாத நேரங்களில் அவர் அந்தத் தொட்டியைப் பிடித்துக்கொண்டுதான் கிடந்தார். அது எனக்கும் தெரியும், ஆவியக்காவுக்கும் தெரியும்.

அந்த வீட்டில் இன்னொரு விஷயமும் உண்டு. தம்பி மனைவி, சின்னவள் என்று வீட்டில் சொல்வார்கள், சீழ் வைத்த அந்தச் சமயத்தோடு இங்கே வருவதை நிறுத்திவிட்டாள். ஆபரேஷன் முடிந்த வாரம், மாமா என்று அவள் கூப்பிடும் கயிற்றுக்காரருக்கு ரொட்டியும் முட்டையும் ஊட்டிவிட்டு, போர்வையைச் சரிசெய்தவள் அவள்தான். சீழ் என்று தெரிந்த அன்று, வராந்தாவில் இத்தனை உறவுக்கு நடுவில் ஆவியக்கா சொன்னாள்: "இவ கையைக் கழுவாம வந்து தொட்டா. இவ கையாலதான் வந்துச்சு." சின்னவள் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள். அதற்கப்புறம் அந்த வீட்டில் அவள் கை நனைக்கவில்லை. தம்பி மட்டும் வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று அண்ணனை எட்டிப் பார்த்துவிட்டுப் போவான்.

தொட்டி நாளாக நாளாக மங்கியது. கண்ணாடியில் பச்சை படர்ந்தது, கல்லுக்குள் பழுப்பாக ஏதோ சேர்ந்தது. ஆவியக்கா கட்டிலைத் துடைப்பாள், தரையைத் துடைப்பாள், தொட்டியருகே வந்ததும் முகத்தைச் சுளிப்பாள்.

"புண்ணு இன்னும் முழுசா ஆறல. பக்கத்துல இப்படி ஒரு சாக்கடையை வெச்சுக்கிட்டு... ஒண்ணு இது சுத்தமாகணும், இல்லன்னா வெளிய போகணும்."

"சுத்தமே பண்ணிடும்மா" என்றார் கயிற்றுக்காரர் அவசரமாக.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை தொடங்கியது. வெயில் காலம் முடிந்தும் மழை வராமல் புழுங்கிக்கொண்டிருந்தது. முதலில் மீன்களை வலையில் பிடித்து ஒரு வாளியில் விட்டோம். பிறகு குழாய் வைத்துத் தண்ணீரை இறக்க வேண்டும். ஒரு முனை தொட்டியில், மறுமுனையை வாயால் உறிஞ்சினால் தண்ணீர் தானாக வரும். ஆவியக்கா குழாயைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"நீங்கதாண்ணே வாய வெக்கணும்."

வைத்தேன். நேரம் தப்பி உறிஞ்சியதில் ஒரு வாய் உள்ளே போய்விட்டது. கயிற்றுக்காரர் வயிறு குலுங்கச் சிரித்தார், சிரித்ததில் முதுகு வலித்து முனகினார், முனகிக்கொண்டே சிரித்தார். "டிரைவரே, உள்ள குஞ்சு ஏதும் போயிடலையே?"

எத்தனை நடை அந்த வாளிகளைக் குளியலறைக்குச் சுமந்தேன் என்று கேட்காதீர்கள். தொட்டி காலியானதும்தான் ஆவியக்கா ஆவியக்காவானாள். கண்ணாடியைப் பழைய பிளேடால் சுரண்டி, உப்பு போட்டுத் தேய்த்து, வெந்நீர் ஊற்றி அலம்பினாள். கல்லையெல்லாம் அண்டாவில் கொட்டிக் கொதிக்கவிட்டாள். தண்ணீர் கறுத்ததும் கொட்டுவாள், மறுபடி கொதிக்கவிடுவாள், தெளியும்வரை விடவில்லை. அழகுக்கு நிறுத்தியிருந்த கருங்கல் பலகையும் அண்டாவுக்குள் போனது.

கடைசியில் ஃபில்டரைத் திறந்தாள். மோட்டார் தண்ணீரை இழுத்து ஒரு ஸ்பாஞ்சு வழியாகத் தள்ளும், அவ்வளவுதான் அந்தச் சாமான். ஸ்பாஞ்சு கன்னங்கரேலென்று, தொட்டால் கொழகொழவென்று இருந்தது. ஆவியக்கா அதை இரண்டு விரலால் தூக்கி, கணவர் முன்னால் நீட்டினாள்.

"பாத்தீங்களா? இது வழியா வந்த தண்ணியைத்தான் ரா பகலா பாத்துக்கிட்டுப் படுத்திருக்கீங்க."

சோப்பு போட்டுக் கசக்கினாள். பத்தவில்லை. துணியில் சுற்றி மூட்டை கட்டினாள், மூட்டைமேல், ஆவி பட்டால் கோடு கறுக்கிற ஆஸ்பத்திரி டேப்பில் ஒரு துண்டு ஒட்டினாள், பிரஷர் குக்கருக்குள் வைத்து மூடினாள். குக்கர் விசில் அடித்தது. அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, அங்கே இயந்திரத்தின் முன்னால் நிற்பதுபோலவே நின்றாள். திறந்தபோது டேப்பில் வெளிறியிருந்த கோடுகள் கறுத்திருந்தன.

"கோடு கறுத்தாதாண்ணே சுத்தம். இதுல பொய்யே கிடையாது" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த நிம்மதியை நான் அப்போது சரியாகப் புரிந்துகொள்ளவில்லை.

முந்தின நாளே பிடித்து ஆறவைத்திருந்த தண்ணீரை ஊற்றி, மோட்டாரைப் போட்டு, விளக்கை ஏற்றி, மீன்களை விட்டோம். அந்தக் காட்சியை எப்படிச் சொல்வது? தண்ணீர் இருப்பதே தெரியவில்லை. மீன்கள் காற்றில் நின்றன. மாப்பிள்ளையின் பட்டைகள் அப்போதுதான் மை தொட்டு இழுத்தாற்போல் இருந்தன. பொண்ணு திரும்பியபோது அதன் வெள்ளி, எதிர்ச்சுவரில் ஒரு துண்டு வெளிச்சமாக ஓடியது. கயிற்றுக்காரர் கண்ணை அகல விரித்துக்கொண்டு கிடந்தார். எனக்கும் உடம்பு சிலிர்த்தது, பொய் சொல்லவில்லை.

"ஏம்மா" என்றார் கடைசியில். "நீ ஆஸ்பத்திரியில இருக்க வேண்டியவளே இல்ல."

ஆவியக்கா வெட்கப்பட்டு நான் அன்றுதான் பார்த்தேன்.

அந்தச் சந்தோஷம் அந்த வாரம்கூடத் தாங்கவில்லை. தண்ணீர் முதலில் லேசாக வெளுத்தது, பிறகு பால் கலந்ததுபோல் ஆனது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. ஒரு சிவப்பு வால் செத்து மிதந்தது. ஆவியக்காவுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். மறுபடி எல்லாவற்றையும் இறக்கி, மறுபடி கொதிக்கவைத்து, மறுபடி நிரப்பினாள். அடுத்த நாள் இன்னும் இரண்டு மிதந்தன. பொண்ணு தொட்டியின் மூலையில் ஒருபக்கமாகச் சாய்ந்து, துடுப்பை மடக்கிக்கொண்டு நின்றது.

"மூச்சு வாங்குதும்மா அதுக்கு" என்றார் கயிற்றுக்காரர். அவர் அன்று சாப்பிடவில்லை. மாத்திரைக்காகவாவது இரண்டு வாய் தின்னச் சொல்லி அவள் தட்டோடு நின்றாள். அவர் தொட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல், "நானும் இப்படித்தானே கெடந்தேன். சுத்தமாத்தான் இருந்துச்சு எல்லாம். அப்புறம் ஏன்னே தெரியல" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். அவள் தட்டைச் சட்டென்று கட்டில் ஓரத்தில் வைத்துவிட்டாள்.

நான்தான் மீன் கடைக்காரருக்குப் போன் போட்டு, அவளிடம் கொடுத்தேன். ஸ்பீக்கரில் அவர் குரல் நிதானமாக வந்தது.

"தொட்டி கழுவினீங்களாம்மா?"

"சுத்தமா கழுவினேங்க. ரெண்டு தடவை."

"ஃபில்டர் ஸ்பாஞ்ச என்ன பண்ணீங்க?"

"குக்கர்ல வெச்சேன்."

அந்தப் பக்கம் ஒரு செருமல் கேட்டது. பிறகு, "எத்தனை விசில்?" என்று கேட்டார் மனுஷன். கயிற்றுக்காரரே அந்த நிலைமையிலும் உதட்டைக் கடித்தார்.

"அம்மா, மீனோட கழிவு தண்ணியில விஷமாகும். அந்த விஷத்தைத் தின்னு தீக்கற உயிருங்க இருக்கு, கண்ணுக்குத் தெரியாது. அதுங்க குடியிருக்கறது அந்த ஸ்பாஞ்சுல, கல்லுல. நீங்க அழுக்குன்னு நெனச்சது தொட்டியோட ஈரல். அதைப் புடுங்கி வேகவெச்சிட்டீங்க."

"அப்ப... கிருமிதானே அது?"

"கிருமிதான்."

"கிருமி இல்லாம சாவுதா?" என்றாள். அவள் அதை அவரிடம் கேட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

வேறு தொட்டியில் ஊறிய பழைய ஸ்பாஞ்சு போட்டால்தான் பிழைக்கும், ஆனால் என் கடையில் இருந்து தரமாட்டேன், எல்லாத் தொட்டியிலும் வெள்ளைப்புள்ளி நோய் வந்திருக்கிறது என்றார் கடைக்காரர். "ரொம்ப நாளா கழுவாத, நல்லா மீன் வாழற தொட்டி யார் வீட்டுலயாவது இருக்கா பாருங்க. அந்த ஸ்பாஞ்ச பாதி வெட்டி, அந்தத் தண்ணியிலயே முங்க வெச்சு எடுத்துட்டு வரச் சொல்லுங்க. கழுவக் கூடாது. சோப்புக் கையால தொடவே கூடாது. இன்னிக்கே செய்யணும்மா, நாளைக்குன்னா பெரிய மீனும் நிக்காது."

 ரொம்ப நாளாகக் கழுவாத தொட்டி யார் வீட்டில் இருக்கிறது என்பது மூன்று பேருக்குமே தெரியும். தம்பி வீட்டுத் தொட்டி, ஏரி மாதிரி பச்சையாகி, உள்ளே மீன் இருக்கிறதா என்று விளக்கடித்துப் பார்க்க வேண்டும் என்று தம்பியே சொல்லிச் சிரித்திருக்கிறான்.

"நான் தம்பிக்குப் பேசறேன்" என்றார் கயிற்றுக்காரர்.

"வேணாம்" என்றாள். நெற்றி வியர்வையை முந்தானையால் ஒற்றிக்கொண்டாள். "சொன்னது நான். கேக்கறதும் நானே கேக்கறேன்."

நம்பரைப் போட்டுவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். பக்கத்திலேயே நின்றதால் மறுமுனைப் பேச்சும் எனக்குக் கேட்டது.

"நான்தான் பேசறேன்."

"..."

"உங்க தொட்டியில ஃபில்டர் ஸ்பாஞ்சு இருக்குல்ல, அதுல பாதி வேணும். இங்க மீனுங்க சாவுது. மாமா சாப்பிட மாட்டேங்கறாரு."

"கழுவித் தரணுமாக்கா?" சின்னவளின் குரல் கல்லாக இருந்தது.

"இல்ல. கழுவாம கொண்டுவா."

"கழுவாமயா?"

"கழுவாமத்தான்."

"நீங்களாக்கா சொல்றீங்க?"

ஆவியக்கா தலையை மட்டும் ஆட்டினாள், போனில் தலையாட்டினால் தெரியாது என்பதுகூட நினைவில்லாமல்.

சாயங்காலம், இத்தனை நாள் கண்ணாமூச்சி காட்டிய மழை ஒரே மூச்சாகப் பிடித்துக்கொண்டது. அந்தக் கொட்டலில்தான் ஆட்டோ வந்து நின்றது. சின்னவள் மூடிய ஒரு பாத்திரத்தைக் குழந்தையைப்போல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியேறினாள். புடவை முழங்கால்வரை நனைந்து, காலெல்லாம் சேறு. வாசலில் நின்றாள். உள்ளே கட்டிலில் கிடந்த மாமாவை அத்தனை மாதத்துக்கு அப்புறம் பார்த்தாள். கண் கலங்கியது, ஆனால் முகம் இளகவில்லை. பாத்திரத்தை என்னிடம் கொடுத்துவிட்டு, நேராக வாசலோரத்துக் கை கழுவும் இடத்துக்குப் போனாள்.

"இருங்கக்கா. முதல்ல கையக் கழுவிடறேன். நல்லாவே கழுவிடறேன்."

முழங்கைவரை வளையலை ஏற்றி, குழாயைத் திறந்து, சோப்பை எடுத்தாள். மழைச் சத்தத்தையும் மீறி அந்த வார்த்தை என் காதில் சுருக்கென்றது. ஆவியக்கா அறையின் அந்தக் கோடியிலிருந்து ஏறத்தாழ ஓடினாள். சின்னவளின் மணிக்கட்டைப் பிடித்தாள். சோப்பு நழுவித் தரையில் விழுந்து உருண்டது.

"சோப்பு போடாத."

சின்னவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"போடாதடி. இந்தக் கையோடயே வா."

பிடித்த மணிக்கட்டை விடாமல் தொட்டிவரை கூட்டிக்கொண்டு போனாள். துடைத்துப் பளபளவென்றிருந்த தரையில் சேற்றுத் தடம் வரிசையாக விழுந்தது. நான் மூடியைத் திறந்தேன். கறுத்த தண்ணீரில் கறுத்த அரைத்துண்டு ஸ்பாஞ்சு. ஈர மண் வாசனை வந்தது, நாற்றம் என்று சொல்ல முடியாது. சின்னவள் அதைத் தொட்டிக்குள் அமிழ்த்தினாள், பிழியத் தயங்கினாள்.

"அக்கா, எல்லாம் கறுப்பாயிடுமே."

"ஆகட்டும்."

சின்னவளின் கைமேல் தன் கையை வைத்து ஆவியக்காவே அழுத்தினாள். கறுப்பு மேகம் மாதிரி கிளம்பி, பாலாக இருந்த தண்ணீரில் சுருள் சுருளாகப் பரவி, கல்லையும் மீனையும் மறைத்தது. ஆயுள் முழுக்க அழுக்கை விரட்டியவள், அரை நாள் காத்திருந்து வாங்கிய அழுக்கைத் தொட்டியெங்கும் பிழிந்துகொண்டிருந்தாள். பிழிந்த ஸ்பாஞ்சை ஃபில்டருக்குள் பொருத்தினோம். ஒன்றுமே தெரியாத கலங்கலைக் கயிற்றுக்காரர் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு ஊரே குடிவந்திருக்கு, கண்ணுக்குத் தெரியல பாரு" என்றார். "எங்கடா சாப்பாடு, எங்கடா வீடுன்னு தேடிக்கிட்டிருக்கும்."

சின்னவள் அன்றைக்கு டீ குடிக்கவில்லை. மழை விட்டதும் போய்விட்டாள். ஆனால் மறுநாள் காலையில் போன் வந்தது. "பொண்ணு இருக்காக்கா?" என்ற ஒரு கேள்விதான். இருந்தது. அதற்கடுத்த நாளும் இருந்தது. தினமும் கொஞ்சம் பழைய தண்ணீரை இறக்கிப் புதுசு ஊற்றினோம். இப்போதெல்லாம் குழாயில் ஆவியக்காவே வாய் வைத்தாள். கலங்கல் மெல்ல அடங்கி, ஒருநாள் காலை பார்த்தால் தண்ணீர் தெளிந்திருந்தது. குக்கரால் வந்த கண்ணாடித் தெளிவு இல்லை இது, லேசாகத் தேநீர் நிறம் தட்டிய தெளிவு. பொண்ணு துடுப்பை முழுசாக விரித்துக்கொண்டு நடுவில் நின்றது. கயிற்றுக்காரர் ரொட்டிக்கு இன்னொரு முட்டை கேட்டார்.

பிறகுதான் அது நடந்தது. ஒரு மதியம் அவர் போட்ட கூச்சலில், விழுந்துவிட்டாரோ என்று அலறியடித்து ஓடினேன். கருங்கல் பலகையை மாப்பிள்ளையும் பொண்ணும் வாயால் கொத்திக் கொத்தித் துப்புரவு செய்துகொண்டிருந்தன. ஆவியக்கா இடுப்பில் கை வைத்து நின்றாள். "நான் வேகவெச்சது பத்தலையாமே இவங்களுக்கு!" சிரிப்பு ஓயுமுன் பொண்ணு பலகையை ஒட்டிக் கீழிருந்து மேலே ஊர்ந்தது. அது போன தடத்தில் முத்து முத்தாக முட்டைகள், கோடு போட்டதுபோல் ஒட்டியிருந்தன. பின்னாலேயே மாப்பிள்ளை அதே தடத்தில் ஊர்ந்தது. மறுபடி ஒரு கோடு, மறுபடி ஒரு கோடு. நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்ப வேண்டியதை மறந்து நின்றேன். அன்று பிள்ளைகள் வேனுக்காக வாசலில் காத்திருந்தார்கள்.

சின்னவளை ஆவியக்காவே கூப்பிட்டாள். அவள் வர ஒரு நாள் தள்ளிப்போனது. குழந்தையை மாமாவின் பக்கத்தில் படுக்கவைத்துவிட்டு, ஓரகத்திகள் இருவரும் தொட்டிமுன் தரையில் உட்கார்ந்தார்கள். கையில் டீ. பொண்ணு முட்டைகளுக்கு எதிரே நின்று துடுப்பால் விசிறிக்கொண்டிருந்தது. நடுநடுவே வெளுத்துப்போன ஒரு முட்டையை மட்டும் வாயால் எடுத்து அப்புறப்படுத்தியது.

"கெட்டது எதுன்னு அதுக்கு எப்படிக்கா தெரியுது?"

ஆவியக்கா டம்ளரைக் கையில் உருட்டினாள். டீ ஆறிக்கொண்டிருந்தது. பிறகு, தொட்டியைப் பார்த்தபடியே பேசினாள்.

"மாமாவுக்கு ஆபரேஷன் நடந்த அன்னிக்கு, அந்தச் சாமானையெல்லாம் வேகவெச்சது நான்தான். என் கையாலதான் மூட்டை கட்டினேன், நானே டேப்பு ஒட்டினேன். கோடு கறுத்துதான் இருந்துச்சு. இருந்தும் சீழு வெச்சுது." நிறுத்தினாள். "உன் கை இல்லன்னா என் கைன்னு ஆயிடும்டி. என்னால அதைத் தாங்க முடியல. அதான் உன் தலையில போட்டேன்."

 நான் வாசலுக்கு நழுவிவிடலாமா என்று பார்த்தேன், கால் வரவில்லை.

"தெரியும்க்கா" என்றாள் சின்னவள்.

"தெரியுமா?"

"அன்னிக்கே தெரியும். இவ கையாலதான்னு சொன்னப்ப நீங்க என் கையைப் பாக்கல. உங்க கையையே பாத்துக்கிட்டு நின்னீங்க."

ஆவியக்கா டம்ளரைக் கீழே வைத்தாள். ஆஸ்பத்திரி வெந்நீரிலும் மருந்திலும் வெந்து வெளுத்த இரண்டு கையையும் முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். சின்னவள் நகர்ந்து உட்கார்ந்து, அந்தக் கைகளை விலக்கித் தன் மடியில் பிடித்துக்கொண்டாள். சமாதானமாக ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்கும் வலித்த வலி கொஞ்சமா?

"அழுகையை அப்புறம் வெச்சுக்கங்க" என்றார் கயிற்றுக்காரர்.  "இங்க ஒண்ணு ஆடுது."

"என்ன ஆடுது?"

"வாலு."

பலகையில், ஒரு முத்துக்குப் பின்னால், தலைமுடியைவிட மெல்லிய ஒரு வால் துடித்தது. பக்கத்தில் இன்னொன்று துடித்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பலகை முழுக்கத் துடிக்கத் தொடங்கியது. கயிற்றுக்காரர் கட்டில் சட்டத்தைப் பிடித்து, ஆபரேஷனுக்குப் பிறகு முதல்தடவையாக, யாரும் தாங்காமல் பாதி எழுந்துவிட்டார். அதைப் பார்த்தும் எவரும் சத்தம் போடவில்லை. எல்லோரும் கண்ணாடியோடு கண்ணாடியாக முகத்தை வைத்துக்கொண்டிருந்தோம். எங்கள் மூச்சும் மூக்கும் பட்டுத் தொட்டி அழுக்கானது. ஆவியக்கா துணி எடுக்கப் போகவில்லை.